தூணடியில் ஓர் ஆள்

கூரையில்லாத அந்தத் தேவாலயத்திற்குள் நுழைந்ததும் அவள் தூண்களை அண்ணாந்து பார்க்கவில்லை. எந்தத் தூணின் அடியில் நிற்பது என்று பார்த்தாள். அது இருபது ஆண்டுப் பழக்கம். அவள் கணவர் பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போடுபவர். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் அவளையும் அழைத்துக்கொண்டு வெளிநாடு போய், பாழடைந்த தேவாலயங்களையும் இடிந்த மண்டபங்களையும் படம் எடுப்பார். கல்லின் உயரம் படத்தில் விளங்க வேண்டுமானால் அதன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பது அவர் தொழிலின் விதி. அந்த ஆள் அவள். சரியாக ஐந்தடி இருப்பதால் கணக்குப் போடவும் வசதி என்பார். பெண் பார்க்க வந்தவர் ஜாதகத்தை விட்டுவிட்டு உயரத்தைத்தான் கவனித்தார் என்று அவள் உறவினர்களிடம் சொல்லிக் காட்டுவாள்.

எல்லாப் படங்களிலும் அவள் கடுகளவுதான், முகம் தெரியாது. அதற்காகச் சண்டையும் போட்டிருக்கிறாள். சென்ற ஆண்டு அவர் காலமானார். பார்க்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே அவர் பார்க்காமல் போனது இந்த ஒரு தேவாலயம். இங்கும் அவர் எடுத்திருக்கக்கூடிய விதத்தில் ஒரு படம் வேண்டும், அதில் தான் கடுகாக நிற்க வேண்டும் என்பதற்காகவே அவள் கடல் கடந்து வந்திருந்தாள். துணைக்கு அவருடைய அக்கா வந்திருந்தார். அவரை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள்.

கைப்பேசியை அண்ணியிடம் கொடுத்துவிட்டுத் தூணடியில் போய் நின்றாள். அண்ணிக்குத் தங்கமான மனம். ஆனால் படம் எடுப்பது என்றால் முகத்தை எடுப்பது என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை. பின்னால் போகச் சொன்னால் இரண்டடி போனார். எடுக்கும்போது மூன்றடி முன்னால் வந்தார். படங்களில் அவளுடைய மூக்கும் மூக்குக்கண்ணாடியும் துல்லியமாக விழுந்திருந்தன. தேவாலயம் மட்டும் இல்லை.

“இத நம்ம வீட்டு மொட்டைமாடியிலயே எடுத்திருக்கலாமே, அண்ணி.”

“மூஞ்சி தெரியாத போட்டோவ யாருடி பார்ப்பா? இவ்வளவு தூரம் பறந்து வந்து எறும்பு மாதிரி நிக்கணுங்கற.”

“எறும்பு மாதிரிதான் வேணும்.”

அவள் அதைச் சொன்ன விதத்தைக் கேட்டு அண்ணி கைப்பேசியை மறுபடி உயர்த்தினார். அடுத்த படத்தை மிகுந்த சிரத்தையோடு எடுத்தார். அதிலும் முகமே இருந்தது. மதியத்திற்குக் கதவை அடைக்க வேண்டிய காவலாளி சாவிக்கொத்தோடு எழுந்து நின்றுவிட்டார். வேறு வழி தெரியாமல் அவள் அண்ணியைத் தூணடியில் நிற்கச் சொன்னாள். எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதைத் தானே போய்க் காட்டுவதாகச் சொன்னாள். எருமைக்குப் பாடம் நடத்துவது போல நடத்துகிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டே அண்ணி போய் நின்றார்.

அவள் பின்னோக்கி நடந்தாள். புல் முளைத்திருந்த தரையைத் தாண்டி, உடைந்த பீடத்தைச் சுற்றிக்கொண்டு, வாசல் நிலை முதுகில் இடிக்கும்வரை போனாள். திரையில் இப்போது தூண் முழுமையாக நின்றது. அதன் மேலே பாதி வளைவு, அதற்கும் மேலே வானம். அடியில் ஓர் ஆள். குளிருக்காக அண்ணி போட்டிருந்த நீண்ட கறுப்புக் கோட்டும் கம்பளிக் குல்லாவும் அந்தத் தூரத்தில் ஆணா பெண்ணா என்று காட்டவில்லை. வலது தோள் சற்றே இறங்கியிருந்தது. கைகள் முதுகுக்குப் பின்னால் கோத்தபடி இருந்தன. உடல் இடது காலில் சாய்ந்திருந்தது.

உடன்பிறந்தவர்களின் சாயல் முகத்தில் இருப்பதாகத்தான் அவள் அதுவரை எண்ணியிருந்தாள்.

அவள் கணவர் எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நின்றவர். எந்தத் தூணின் அடியிலும் அவர் நிற்கும் படம் ஒன்றுகூட அவளிடம் இல்லை.

விரல் திரைக்கு மேலேயே நின்றது. காவலாளி ஒரு கதவைச் சாத்தினார்.

“எடுத்தாச்சா?” என்று தூணடியிலிருந்து குரல் வந்தது.

எடுத்துவிட்டால் அண்ணி நகர்ந்துவிடுவார்.

“இன்னும் இல்ல, அண்ணி. கொஞ்சம் அப்படியே நில்லுங்க.”