கத்திரி வாய் திறந்தாள்

பெஞ்சுகளுக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தாள் கத்திரி.

ஒரு கையில் பை, இன்னொரு கையில் செருப்பு. பின்கதவுக்கு இன்னும் மூன்று வரிசைதான். மேலே வகுப்பு மொத்தமும் சளசளத்துக்கொண்டிருந்தது. கீழே வகுப்பு மொத்தத்தின் கால்கள். எவனோ ஒட்டிவைத்த சூயிங்கம் அவள் தலைமுடியை உரசிப் பார்த்தது. வேறு நாளாக இருந்தால் எழுந்து நின்று அவன் பரம்பரையையே விசாரித்திருப்பாள்.

"ஏங்க, ஏதாவது தொலைச்சிட்டீங்களா?"

பெஞ்சுக்கு அடியில் தலைகீழாக ஒரு முகம். அகராதி. ஒரு வார்த்தை போதும் என்கிற இடத்தில் ஒன்பது வார்த்தை போடுபவன் என்பதால் வகுப்பு வைத்த பெயர்.

கத்திரி உதட்டில் விரலை வைத்தாள்.

"ஓ, புரியுது. வகுப்பறைங்கிற அதிகாரக் கட்டமைப்பைக் கீழேருந்து பார்க்கறீங்க. பிரமாதம்!" என்று கிசுகிசுத்துவிட்டுத் தலையை நிமிர்த்திக்கொண்டான்.

மூன்று வாரமாக அவள் வகுப்பில் வாயையே திறக்கவில்லை. அதனாலேயே அவளை ஆழம் காண முடியாத அறிவாளி என்று அவன் முடிவு கட்டியிருந்தான். உண்மை என்னவென்றால், அவன் பேசுவதில் பாதி அவளுக்கு விளங்கவில்லை. மீதிப் பாதி விளங்கியதோ என்று சந்தேகம்.

மற்றவர்கள் எல்லாம் பள்ளிக்கூடத்து மார்க்கைத் தூக்கிக்கொண்டு நேராகப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர்கள். கத்திரி தூக்கிக்கொண்டு வந்தது அழகுக்கலை டிப்ளமோ. அந்தப் பயிற்சியில் வெட்டிப் பழகப் பொம்மைத் தலை கொடுப்பார்கள். தப்பு செய்தால் பொம்மைக்குத்தான் மொட்டை. இங்கே சமூகவியலில் சொந்தத் தலையைக் கொடுக்க வேண்டியிருந்தது.

இன்று அவள் முறை. 'செங்கல்' என்று வகுப்பே பயந்து அழைக்கும் தடிப் புத்தகத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். தொழிற்பயிற்சி வழியாக வந்தவர்களுக்கு அதில் ஒரு நிபந்தனை வேறு: பேசினால் இடம் நிலைக்கும், பேசாவிட்டால் மூட்டையைக் கட்டலாம். போனால் போகிறது, மானமாவது மிஞ்சும் என்றுதான் இந்தத் தவழல்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. பாடம் நடத்தும் பேராசிரியை, கத்திரியின் பழைய வாடிக்கையாளர். ஐந்து வருடமாக மாதம் ஒருமுறை அந்த நரையை மறைத்து, அந்தத் தலையைக் கழுவியவள் இவள்தான். பார்லர் நாற்காலியில் உட்கார்ந்ததும் மேடம் சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். அது இல்லாவிட்டால் துண்டு மாட்டும் கம்பிக்கே வணக்கம் சொல்லுவார். ஆகவே முகம் தெரியாது. குரல் தெரியும். வகுப்பில் வாயைத் திறந்தால், "அடடே, நீ எனக்கு டை அடிக்கிற பொண்ணில்ல? இங்க எங்க வந்தே?" என்பார். அதற்குமேல் என்ன இருக்கிறது? பூமி பிளந்தால் உள்ளே போக வேண்டியதுதான்.

கடைசி வரிசையைத் தாண்டினாள். கதவின் கைப்பிடியை எட்டிப் பிடித்தாள்.

கதவு தானாகத் திறந்தது. எதிரே இரண்டு பாதங்கள். பிறகு புடவை. அதற்கு மேலே சோடாபுட்டிக் கண்ணாடி.

"இன்னைக்கு நீங்கதானே பேசணும்?" என்றார் பேராசிரியை. "வழியில தவழ்ந்துட்டிருக்கீங்க. வாங்க, முன்னாடி போகலாம்."

மேடை. மேஜை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த மேடம். கத்திரி தொண்டையைக் கனைத்து, லாரி டிரைவர் குரல் ஒன்றை வயிற்றிலிருந்து இழுத்தாள்.

"தொண்டை கட்டியிருக்குங்க."

"பரவாயில்லை, முடிஞ்சதைப் பேசுங்க."

முடிந்தது ஒன்றுமே இல்லை. பொய் சொல்லலாம் என்றால் அதற்கும் இரண்டு பெரிய வார்த்தையாவது தெரிந்திருக்க வேண்டும்.

"இந்தப் புத்தகத்துல நான் நாற்பதாம் பக்கத்தைத் தாண்டலை. நாலு தடவை படிச்சேன். முதல் தடவை எது புரியலையோ, அதேதான் நாலாவது தடவையும் புரியலை. இதை முழுசா படிச்சவங்க இந்த ரூம்ல யாராவது இருந்தா, கை தூக்குங்க. அவங்க கால்ல விழறேன்."

ஒரு கைகூட எழவில்லை. அகராதி மட்டும், "என்ன ஒரு துணிச்சலான நிலைப்பாடு!" என்று முணுமுணுத்தான்.

மேடத்தின் கையிலிருந்து பேனா நழுவியது. எடுக்கக் குனிந்தார். கண்ணாடி நழுவி விழுந்தது. தடவித் தடவி அதை எடுத்துக்கொண்டு வேகமாக நிமிர, நேர் மேலே மேஜை விளிம்பு.

"மேடம்! தலையை ஆட்டாதீங்க! அப்படியே வைங்க!"

லாரி டிரைவர் எங்கோ போய்விட்டார். வந்தது சுத்தமான பார்லர் குரல். ஐந்து வருடப் பழக்கத்தில் மேடமும் அப்படியே தலையை வைத்துக்கொண்டார். ஆட்டவில்லை. அசைக்கவில்லை. பிறகு மெதுவாகக் கண்ணாடியை மாட்டி, கத்திரியை முதல்முறையாகப் பார்த்தார். மேடத்தின் முகம் வெளிறிப்போனது.

"வகுப்பு முடிஞ்சுது. எல்லாரும் போகலாம்" என்றார். "நீ மட்டும் என் ரூமுக்கு வா."

'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. தீர்ந்தது கதை.

நடைபாதையில் நின்று அண்ணனுக்குப் போன் போட்டாள். பார்சல் வண்டி ஓட்டுபவன். பக்கத்துத் தெருவில்தான் இருந்தான்.

"அண்ணா, வண்டியைக் கேட்டுக்குக் கொண்டா. நான் வீட்டுக்கு வர்றேன். படிப்பு முடிஞ்சுது."

"மூணு வாரத்துல முடிச்சிட்டியா? ஜீனியஸ்டி நீ. அம்மா, பாப்பா டிகிரி வாங்கிட்டா!"

"அம்மா வண்டியிலயா இருக்காங்க?"

"சும்மா சொல்லிப் பார்த்தேன். என்ன ஆச்சு கத்திரி, அழறியா?"

"ஜலதோஷம்."

"அப்படியே இரு. அஞ்சு நிமிஷம். யாரையாவது அடிக்கணும்னா இப்பவே சொல்லிடு, வண்டியில ஜாக்கி இருக்கு."

போனை வைத்துவிட்டு மேடத்தின் அறைக்குள் போனாள். மேடம் கதவைத் தாழிட்டார். ஜன்னலையும் சாத்தினார். சுவரெல்லாம் புத்தகம், நடுவில் ஒரு மேஜை, மேஜைமேல் செங்கல்.

"யார்கிட்டயாவது சொல்லிட்டியா?"

"சத்தியமா இல்லை மேடம். எல்லார்கிட்டயும் கெமிஸ்ட்ரி பக்கம் இருந்தேன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன்."

"கெமிஸ்ட்ரியா?"

"டை கலக்கறேன் இல்லையா..."

"நான் உன்னைப் பத்திக் கேக்கலைம்மா. என்னைப் பத்தி!"

"உங்களுக்கு நரைக்கறதா? அது ஊருக்கே தெரியுமே மேடம்."

"நரை இல்லை!" மேடம் குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு உன்கிட்ட மனசு விட்டு ஒண்ணு சொன்னேனே. என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. நீ என்ன சொன்னே? 'எல்லாருக்கும் இருக்கறதுதான் மேடம், கவலையே படாதீங்க'ன்னு சொன்னே. அந்த ஒரு வார்த்தையிலதான் இத்தனை நாள் நிம்மதியா தூங்கினேன். இன்னைக்கு என் வகுப்புலயே வந்து நின்னு, கை தூக்கச் சொல்லி, என்னைக் குத்திக் காட்டிட்டியே!"

கத்திரிக்கு ஒரு நிமிடம் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது.

பார்லரில் டிரையர் ஓடும்போதுதான் பெண்கள் மனசைத் திறப்பார்கள். அந்த இரைச்சலில் கடவுளே பேசினாலும் கேட்காது. கண்ணாடியில் உதடு அசைவது மட்டும் தெரியும். முகம் மலர்ந்திருந்தால் 'சூப்பர் மேடம்'. தொங்கியிருந்தால் 'எல்லாருக்கும் இருக்கறதுதான்'. தொழிலில் எல்லோரும் இந்த இரண்டு வசனத்தில்தான் காலத்தை ஓட்டுகிறார்கள்.

"மேடம்... அன்னைக்கு டிரையர் ஓடிச்சு. ஒரு வார்த்தைகூட எனக்குக் கேக்கலை. நீங்க பொடுகைப் பத்திச் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

மேடம் நாற்காலியில் சரிந்தார். "பொடுகா?"

"ஆமாம் மேடம். அதனாலதான் அன்னைக்கு எலுமிச்சை ஷாம்பூ போட்டேன்."

நீளமாக ஒரு மூச்சு விட்டார் மேடம். முகத்தில் ரத்தம் திரும்பியது. "அப்போ உனக்கு ஒண்ணும் தெரியாது. ரொம்ப நல்லது. நீ போகலாம்."

"போகத்தான் போறேன் மேடம். மொத்தமா. எனக்கு இது சரிப்படாது. மத்தவங்க பேசறது ஒண்ணும் மண்டையில ஏறலை. தலைக்கு வெளியில என்ன இருக்குன்னு கேட்டா சொல்லுவேன். உள்ள இருக்கறது என் இலாகா இல்லை. அந்தப் புத்தகத்தோட நாற்பதாம் பக்கம் வரும்போதெல்லாம் நான் இந்த ஊர்லயே பெரிய மக்குன்னு தோணுது."

வாசலில் அண்ணனின் ஹாரன் கேட்டது. அவன் ஹாரனுக்கென்று ஒரு அசிங்கமான ராகம் உண்டு.

கத்திரி பையைத் தோளில் மாட்டினாள். தாழ்ப்பாளில் கையை வைத்தாள்.

"நில்லு" என்றார் மேடம். முகத்தில் ஏதோ ஒரு சண்டை நடந்தது. "உன்னை இப்படி அனுப்பிட்டு, அடுத்த மாசம் எந்த முகத்தோட உன்கிட்ட தலையைக் கொடுக்கறது? இங்க வா. கிட்ட வா. இப்ப டிரையர் ஓடலை."

காதோடு காதாக ஏதோ சொன்னார். சின்ன வாக்கியம்தான்.

கத்திரி முதலில் கண்ணை விரித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்திய கை போதாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். போன் அடித்தது.

"வர்றியா இல்லையாடி? வாட்ச்மேன் முறைக்கிறான்."

"நீ கிளம்புண்ணா. நான் அடுத்த வாரம் மறுபடியும் பேசணும்."

"இப்பதானே படிப்பு முடிஞ்சுதுன்னே?"

"இப்பதான் ஆரம்பிக்குது. வெச்சுடு."

போனை அணைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேஜைமேல் கிடந்த செங்கலைப் பார்த்தாள்.

"பதினோரு வருஷமா இதை நீங்க நடத்தறீங்களே மேடம்!"

"நடத்தறேன்" என்றார் பேராசிரியை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. "முழுசா படிச்சிருக்கேன்னு எப்ப சொன்னேன்?"