பெயர் கட்டாயமில்லை

மணி மூன்றரை. ஐந்து மணிக்கு, நிலத்தை எடுப்பவர்களின் பட்டியல் மூடிவிடும். சுங்காய் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்து இடுகாட்டில், பட்டியலில் ஏறிய புதைமேடுகளை மட்டும் தோண்டி வேறிடம் கொண்டுபோவார்கள். மற்றவற்றின் மேல் நாளைக் காலை புல்டோசர் ஓடும்.

ஈப்போவில் முன்னாள் தோட்டத்தார் சங்கத்தின் இணையப்பக்கத்தைக் கவனிக்கும் ஹில்டாவுக்கு, இடுகாட்டிலிருந்து தனேஸ்வரன் போன் செய்தார். மேட்டருகே நின்று அந்தப் பக்கத்துப் படிவத்தில் பொத்தானை அழுத்தினால், போன் அந்த இடத்தைக் குறித்துப் பட்டியலுக்கு அனுப்பும். அழுத்தினார், போகவில்லை.

“செத்தவங்க அடையாளக் கார்டு, ஐசி நம்பர் கேக்குது தங்கச்சி. எங்கக்கா பொறந்த மூணாம் நாளே போயிட்டா. அவளுக்கு ஏதுலா ஐசி? பொய்யா எதையாச்சும் போட்டா தள்ளிருவானுங்க.”

பக்கத்தை எழுதிய பவித்ரனை அழைத்து ஹில்டா விஷயத்தைச் சொன்னாள்.

“அந்த வரிய எடுத்துட்டேன் அக்கா. ஆனா புது லேப்டாப்புல பில்டு ஆக மாட்டேங்குது.”

“ஒரு படிவத்துக்கு எதுக்குடா அவ்ளோ பெரிய ஃபிரேம்வொர்க்கு?”

“வேலையில அதான்லா பழக்கம்.”

பெரிய ஃபிரேம்வொர்க்கில் இப்படி எழுதினால், நாம் எழுதுவது ஒன்று, பிரவுசர் வாசிப்பது இன்னொன்று. நடுவில் ஒரு கருவி நூற்றுக்கணக்கான துணைக்கோப்புகளைச் சேர்த்து அரைத்துக் கொடுக்க வேண்டும்; அதுதான் பில்டு. அவற்றில் ஒன்று முரண்டுபிடித்தாலும் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. சின்ன ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி என்ற ஆயத்த நிரல்தொகுப்புக்கு அந்த அரைவையே வேண்டாம். எழுதிய கோப்பே நேராகப் பிரவுசருக்குப் போகும். திருத்திச் சேமித்தால் முடிந்தது.

ஹில்டா படிவத்தை வெற்றுக் கோப்பில் முதலிலிருந்து எழுதினாள். லைப்ரரியை வெளித்தளத்திலிருந்து அழைத்தாள். தோட்டத்தில் ஒரே கோடு சிக்னல். அது போய்ச் சேரவில்லை. லைப்ரரி முழுவதையும் நகலெடுத்துத் தன் கோப்புக்குள்ளேயே ஒட்டினாள். சின்னதாக இருந்ததால் முடிந்தது.

நாலு ஐம்பத்திரண்டு.

“தொறந்துருச்சு! ஐசி கேக்கல.” அப்புறம் தனேஸ்வரனின் குரல் இறங்கியது. “பேர் கேக்குது.”

“அக்கா பேர போடுங்கண்ணே.”

“பேரே வைக்கலியே தங்கச்சி.”

பவித்ரனைக் குறைசொல்லிவிட்டு, இல்லாத ஒன்றைக் கட்டாயமாகக் கேட்கும் அதே தப்பை அவளும் செய்திருந்தாள். கோப்பில் பெயரைக் கட்டாயமாக்கிய ஒரே சொல்லைத் தேடி அழித்தாள். சேமித்தாள்.

“திரும்பத் தொறங்க!”

அவள் திரையில் இருந்த இடுகாட்டு வரைபடத்தில் பெயரில்லாத ஒரு புள்ளி விழுந்தது. நாலு ஐம்பத்தேழு.

“வந்துருச்சுண்ணே!”

“இங்க இன்னும் ஆறு பேர் நிக்கிறாங்க. எல்லாம் பச்சப்புள்ள மேடு. என் போன்ல மட்டும்தான் சிக்னல்.”

“ஓடுங்கண்ணே!”

இரண்டாவது புள்ளி. மூன்றாவது. நான்காவது விழுந்ததும் மணி ஐந்து, பட்டியல் தானாக மூடிக்கொண்டது.

“இரும்மா, மூடிறாத,” என்றார் தனேஸ்வரன், மூச்சுவாங்க. “அடுத்த மேட்டுக்குத்தான் ஓடிக்கிட்டிருக்கேன்.”