ஒரே காளை, இரண்டு இலக்கம்

2009 மே. டென்மார்க்கில் வைலே நகருக்கு வெளியே உள்ள கால்நடை ஆய்வுகூடத்தில் பாலேந்திராவுக்கு ஒரு வேலை தரப்பட்டிருந்தது. இரண்டு கம்பனிகள் மரபணுப் பரிசோதனை விற்றன. எது மேல் என்று அவர் சொல்லவேண்டும். காளையின் வால்மயிரை வேரோடு பிடுங்கி அனுப்பினால், அதன் கன்றுகளின் இறைச்சி எவ்வளவு மென்மையாக இருக்கும் என்று பத்துக்குப் புள்ளி போட்டுத் தருவார்கள். பாலேந்திரா மாட்டிறைச்சியை வாயில் வைத்ததே இல்லை. அந்த நடுநிலைமைக்காகத்தான் தன்னைத் தெரிவு செய்தார்கள் என்று நம்பினார்.

அன்று அவர் கை சட்டைப்பையை விட்டு வெளியே வரவில்லை. பையில் போன். மனைவி யோகமலரின் தங்கை அருமைநாயகி வன்னியில். கடைசியாகக் கதைத்தது ஜனவரியில். யுத்தம் முடிந்துவிட்டது என்று டெனிஷ் டிவி முதல்நாள் சொல்லிவிட்டு, காலநிலைச் செய்திக்குப் போய்விட்டது. அன்றிரவு தமிழ்ச் சங்கத் தலைவர் குணசேகரம் போனில் அறிவித்தார்: "உறுதிப்படுத்தப்பட்ட தகவல். தங்கச்சி வவுனியா முகாமிலை சுகமா இருக்கிறா." சுகம் விசாரிக்கவே மைக் தேடுகிற மனிதர் அவர். என்றாலும் மூன்று வாரத்தில் முதல் தடவையாக யோகமலர் ஒரு கோப்பை சோறு முழுதாகச் சாப்பிட்டாள்.

பத்து மணிக்குக் கூட்டம். ஆலோசகர் ஹென்னிங் 'நாளைய மாட்டிறைச்சி' என்ற தலைப்பில் நாற்பத்தொரு படம் காட்டி, முதலாம் கம்பனியே சிறந்தது என்று முடித்தார். அதன் அறிக்கைதான் கலரில் வருகிறது.

பாலேந்திரா எழுந்தார். கம்பனிக்குச் சொல்லாமல் ஒரே காளையின் மயிரை இரண்டு இலக்கத்தில் அனுப்புவது அவர் வழக்கம். முதலாம் கம்பனி பதினேழாம் இலக்கத்துக்குப் போட்டது எட்டுப் புள்ளி. நாற்பத்திரண்டாம் இலக்கத்துக்கு மூன்று. இரண்டும் ஒரே லிமூசின் இனக் காளை.

ஹென்னிங் தண்ணீர் குடித்தார். "இரண்டுமே ஒரு வகையில் சரியாக இருக்கலாம்" என்றார்.

இரண்டு அறிக்கையின் அடியிலும் 'உறுதிப்படுத்தப்பட்டது' என்ற முத்திரை இருந்தது. அதைப் பார்த்த பிறகு பாலேந்திராவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கார் நிறுத்துமிடத்துக்கு வந்து, ஓல்போர்க்கில் இருந்த நண்பன் ஜெபநேசனுக்குப் போன் எடுத்தார்.

"ஜெபா, அருமைநாயகியை உன்ர மச்சாள் எண்டு சொல்லிக் குணசேகரத்தாரிட்டைக் கேள். நான் தகப்பன் பேர் குடுத்தனான். நீ புருசன் பேரைக் குடு. ஊர், வயசெல்லாம் உள்ளபடி."

"பொய் சொல்லச் சொல்லுறியளோ அண்ணை? ஞாயிற்றுக்கிழமை சபையிலை நான் சாட்சி சொல்லோணும்."

"அவவைப் பற்றினதெல்லாம் உண்மை. உறவு மட்டுந்தான் பொய்."

"அப்ப கால்வாசிப் பொய்," என்று ஜெபநேசன் சம்மதித்தான்.

பாலேந்திரா காரைச் சுற்றி நடந்தார். ஏழாவது சுற்றில் போன் அடித்தது.

"அண்ணை..." ஜெபநேசனின் குரல் இறங்கியிருந்தது. "ஆழ்ந்த அனுதாபம் எண்டார். செல் குண்டு விழுந்ததாம். உறுதிப்படுத்தப்பட்ட தகவலாம்."

பாலேந்திரா உடனே குணசேகரத்துக்கு எடுத்தார். "அண்ணை, எனக்குச் சொன்னதும் ஜெபநேசனுக்குச் சொன்னதும் ஒரே ஆளைப் பற்றித்தான்."

"தம்பி, ரெண்டும் நம்பகமான வட்டாரம்."

"எது உண்மை?"

வழக்கமாக அரைமணி நேரம் ஓடும் குரல் கொஞ்சம் தடுமாறியது. "சனம் எடுத்துக் கேக்குது. ஒண்டும் தெரியாதெண்டு ஒரு தலைவர் சொல்லேலுமே?"

பாலேந்திரா பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். யோகமலர் முகாமுக்கு அனுப்பவென்று தங்கைக்குச் சட்டைகள் மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"உங்களை ஆர் கேக்கச் சொன்னது?" என்றாள். மடித்த சட்டையை விரித்தாள், திரும்ப மடித்தாள். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருக்கலாம்."

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மேசையில் வைத்தார்.

"சரி. தலைவர்மார் வேண்டாம். உள்ளை போய்க் கண்ணாலை பாக்கக்கூடிய ஆள் ஆரும் இருக்கோ?"

பாலேந்திரா யோசித்தார். தன்னோடு படித்தவனின் தம்பி வவுனியாவில் முகாமுக்கு மரக்கறி லொறி ஓடுகிறான். நம்பர் தேடி எடுக்க ஒரு மணித்தியாலம் பிடித்தது. யோகமலர் போனை வாங்கினாள். லொறிக்காரனுக்குக் கதைக்க நேரமில்லை.

"பேர் வேண்டாம் அக்கா, உள்ளை ஆயிரக்கணக்கிலை சனம். ஆளுக்கு என்ன அடையாளம்?"

"இடது புருவத்திலை தழும்பு. கொஞ்சம் நொண்டி நடப்பாள்."

"நாளைக்குப் போறன். கண்டால் எடுக்கிறன். காணாட்டியும் எடுக்கிறன்."

யோகமலர் போனை வைத்தாள்.

"காணாட்டியும் எடுப்பானாம்," என்று கணவரிடம் சொல்லிவிட்டு, அன்று முதல் தடவையாகக் கதிரையில் இருந்தாள்.