நாற்பது விதிகளும் ஒரு கயிறும்

கடல்மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

டென்மார்க்கில் எங்கள் தீவின் படகுச் சங்கத்துக்குத் தலைவர் வேண்டியிருந்தது. கிழக்கே கடலில் நிற்கும் அடையாள மிதவையை முதலில் சுற்றுகிறவரே தலைவர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் டோர்கில் அதற்காகவே ஒரு சின்னப் பாய்ப்படகு வாங்கி, நாற்பது பாதுகாப்பு விதிகளைப் பட்டியல் போட்டுக்கொண்டு வந்தார். எதிர்த்து நின்றவள் போடில் என்ற பெண், மீனைப் புகையில் வாட்டி விற்கிறவள்.

டோர்கில் அடித்துளையில் தக்கையை அடைத்தார். பாய்மரத்தை நிறுத்திக் கம்பிகளை முறுக்கினார். சுக்கானை மாட்டினார். மிதவை அங்கியை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் ஒரு கோடு. நாற்பதும் முடிந்ததும் பாயை ஏற்றினார்.

"யோவ் டோர்கில், பின்னால கயிறு இன்னும் கரையிலதான்யா கட்டியிருக்கு!" என்று போடில் கத்தினாள்.

"பட்டியல்ல இருக்கா?"

"இல்ல."

"அப்ப அது பாதுகாப்பு விஷயமே இல்ல. ஒன் படகப் பாரு."

மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. எழுதி வைக்காததைப் பேசுவது எங்கள் ஊரில் மரியாதை இல்லை.

பாய் உப்பியது, கயிறு விறைத்தது. தலைமையாசிரியர் போட்ட முடிச்சு அவிழுமா? தீவே நகர்ந்தது. தேவாலயம், முந்நூறு மாடுகள், காப்பிக் கோப்பையோடு போதகர் என எல்லாரும் கிழக்கே போனோம். மதியக் கப்பல் தீவைக் காணாமல் திரும்பிப் போனது.

டோர்கில் மிதவையைச் சுற்றினார். ஒரே கயிற்றில் நாங்களும் கூடவே சுற்றினோம்.

"நானும் சுத்திட்டேன்யா, கால்கூட நனையல!" என்றாள் கரையிலேயே நின்ற போடில்.

ஆக, மாடுகள் உட்பட அத்தனை பேரும் தலைவர்களானோம்.

அன்றைய சங்கப் பதிவேட்டில் ஒரே வரிதான் இருக்கிறது: "காற்று இல்லை, போட்டி ஒத்திவைப்பு."