மல்சுக்கின் முதல் எழுத்து

மல்சுக்குக்குப் பெயர் வைத்தபோது அவளை நினைத்து யாரும் வைக்கவில்லை. அவளுக்குப் பின்னால் வரவேண்டியவனை நினைத்து வைத்தார்கள். கொரியாவின் மோக்போ ஊரில் வரிசையாக மூன்று பெண்களைப் பெற்ற மனிதர், நான்காவதும் பெண் என்று கேட்டதும் குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் பதிவு அலுவலகத்துக்குப் போனார். அங்கே பெயரைச் சீன எழுத்திலும் பதிவார்கள்; மல்சுக்கில் முதலில் வரும் 'மல்' என்ற ஒலிக்கு நேரே 'கடைசி' என்று பொருள்படும் சீன எழுத்தை எழுதிவிட்டு வந்தார். இனிமேல் பெண் வேண்டாம், இதுவே கடைசி என்று கடவுளுக்குச் சொல்லியாகிவிட்டது. அந்தக் காலத்தில் தெருவுக்கு இரண்டு பெண்கள் இந்த மாதிரிப் பெயரோடு திரிந்தார்கள்.

ஒலி என்னவோ நல்ல ஒலிதான். கொரிய மொழியில் குதிரையும் மல்தான், தானியம் அளக்கிற மரக்காலும் மல்தான், வாயால் பேசுகிற பேச்சும் மல்தான். மூன்றும் அந்த மண்ணிலேயே முளைத்த சொற்கள், சீன எழுத்து இல்லாதவை. பள்ளிக்கூடத்துப் பையன்கள் அவளைக் கண்டால் குதிரை மாதிரி கனைத்தார்கள். வளர்ந்து சந்தையில் தொடுகறிக் கடை போட்ட பிறகு, பக்கத்துக் கடை மீன்காரி, "பேச்சுன்னே பேரு வெச்சிருக்காங்க, இவகிட்ட பேரம் பேசி ஜெயிக்க முடியுமா?" என்று சிரித்தாள். இதெல்லாம் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. பதிவேட்டில் ஏறி உட்கார்ந்திருந்த சீனத்து எழுத்து ஒன்றுதான் தொண்டையில் முள்ளாக நின்றது.

போதாததற்கு அது பலித்தும் தொலைத்தது. ஐந்து வருடம் கழித்து மான்ஹோ பிறந்தான். நூறாம் நாள் விருந்தில் அப்பா ஊரைக் கூட்டிவைத்து, "எல்லாம் அந்த எழுத்தோட வேலை" என்றார். மான்ஹோவும் அதைக் கேட்டே வளர்ந்தவன். தன் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும், அந்த ஊர் வழக்கப்படி வைக்கிற கடற்பாசி சூப்பை முதல் கிண்ணத்தில் ஊற்றி அக்காவின் முன்னால் வைப்பான். "உன் பேரு இல்லேன்னா நான் ஏது அக்கா?" என்பான். நல்லவன்தான், பாவம். அந்தச் சூப்பு மட்டும் அவளுக்கு ஒரு தடவைகூட ருசித்ததில்லை.

அறுபத்து நான்கு வயதில் ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு, நீதிமன்றத்துக்கு மனு எழுதித் தருகிறவரிடம் போனாள். பெயரின் ஒலி அப்படியே இருக்கட்டும், எழுத்து மட்டும் மாறட்டும் என்றாள். அவர் பட்டியலைத் திறந்தார்.

"பேருக்கு வைக்க அனுமதிச்ச எழுத்துல 'மல்' ரொம்ப இல்லம்மா. நுரை இருக்கு. தீவனம் இருக்கு. அழிக்கிறதுன்னு ஒண்ணு இருக்கு. மல்லிகை இருக்கு."

"அழிக்கிற வேலையை எங்கப்பாவே பார்த்துட்டாரு. மல்லிகையைப் போடுங்க."

அந்த மல்லிகைக்குச் சீனாவும் சொந்த ஊர் இல்லை. நம் பக்கத்து மல்லிகாதான் எந்தக் காலத்திலோ பயணம் கிளம்பி, சீனர்களின் நாக்கில் பாதி தேய்ந்து, மீதியோடு கொரியாவில் வந்து இறங்கியது. மல்சுக்குக்கு இது தெரியாது. பூ என்பது போதுமாக இருந்தது.

குடும்ப நீதிமன்றத்து அனுமதி வந்த மறுநாள் காலையிலேயே வட்ட அலுவலகத்தில் பதிவு செய்து, புதுச் சான்றிதழ் நகலையும் வாங்கிக் கைப்பையில் வைத்தாள். தம்பியிடம் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். அதற்குள், ஒரே வாரத்தில், மான்ஹோவின் இதயத்தில் வால்வு பழுது என்று சொல்லி க்வாங்ஜு நகர மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குச் சேர்த்துவிட்டார்கள். அவன் மனைவி இறந்து நான்கு வருடமாகிறது. கூட இருக்க அக்காதான்.

"அக்கா, பேரை மாத்த மனு போட்டியாமே? மீன்காரி சொன்னா."

"ம்."

"நான் வெளிய வர்ற வரைக்கும் மாத்திடாத. கிறுக்கன்னு நெனச்சாலும் பரவாயில்ல. அந்த எழுத்தைப் புடிச்சுக்கிட்டு வந்தவன் நான். இப்பப் போய் அதை உருவிடாத அக்கா."

ஐம்பத்தொன்பது வயது ஆம்பளை, பள்ளிக்கூட வாசலில் நிற்கிற பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தான். மல்சுக்குக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்தது. "சரிடா, மாத்தல" என்று சொல்லிவிட்டாள்.

ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு அவனை உள்ளே கொண்டுபோனார்கள். காத்திருக்கும் கூடத்துத் திரையில் அவன் பெயருக்கு நேரே 'சிகிச்சை நடக்கிறது' என்று வந்தது. பத்து மணிக்கும் அதுவேதான், பன்னிரண்டுக்கும் அதுவேதான். அவனுக்குப் பிறகு போனவர்கள் பெயருக்கு நேரே இருந்த வாசகம் ஒவ்வொன்றாக மாறியது, அவனுடையது மட்டும் மாறவில்லை.

மூட நம்பிக்கை என்று வாழ்நாளெல்லாம் பல்லைக் கடித்தவளை அங்கே உட்கார்ந்திருக்கையில் அதே நம்பிக்கை பிடித்துக்கொண்டது. ஒருவேளை அப்பா சொன்னது நிஜமாக இருந்தால்? ஒரு பூவுக்கு ஆசைப்பட்டுத் தம்பியைக் கொன்றுவிட்டேனோ? கைப்பையைத் திறந்து சான்றிதழை எடுத்தாள். கிழித்துப் போடலாமா என்று பார்த்தாள். கிழித்தால் மட்டும் பதிவேடு பழையபடி ஆகிவிடுமா என்ன! மறுபடியும் மடித்து வைத்தாள். 'எழுத்தே, உன்னை வெறுத்தது தப்பு, இந்த ஒரு தடவை காப்பாத்து' என்று, தான் விரட்டியடித்த அந்தக் 'கடைசி' எழுத்தையே கும்பிட்டாள். அப்படிக் கும்பிட்டதற்காகத் தன் மேலேயே ஆத்திரமும் வந்தது.

மூன்றரை மணிக்கு மருத்துவர் வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். மல்சுக் பெஞ்சில் உட்கார்ந்தபடியே சத்தமாக அழுதாள்.

இரண்டு நாள் கழித்து அவனைச் சாதாரண அறைக்கு மாற்றினார்கள். அரிசிக் கஞ்சி இரண்டு கரண்டி உள்ளே போனதுமே பேச்சு வந்துவிட்டது.

"பார்த்தியாக்கா? நீ மாத்தாம இருந்தே, நான் பொழச்சேன். இனிமே போய் மாத்திக்கோ. உன் பேருக்கு ரெண்டாவது தடவையா கடன்பட்டுட்டேன்."

இந்தத் தடவையும் பேசாமல் இருந்துவிட்டால் சாகும்வரை கடற்பாசி சூப்புதான். மல்சுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சான்றிதழை எடுத்து அவன் மார்புக் கட்டுக்கு மேலே விரித்துப் பிடித்தாள்.

"தேதியைப் பாரு. நீ உள்ள போறதுக்குப் பன்னெண்டு நாள் முந்தியே மாத்தியாச்சு."

மான்ஹோ தேதியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடியும் தேதியைப் பார்த்தான்.

"அடிப்பாவி. என்கிட்ட பொய்யா சொன்னே?"

"ஆமா. சொன்னேன்."

"அப்ப உள்ள என்னைக் காப்பாத்தினது?"

"டாக்டரு. அப்புறம் உன் மொரட்டு உடம்பு."

"அப்ப நான் பொறந்தது?"

"அதுவும் நீயாத்தாண்டா வந்தே."

அவன் சான்றிதழை விரலால் ஒதுக்கினான். "அப்ப இத்தனை வருசமா உனக்கு எதுக்கு நன்றி சொல்லிக்கிட்டிருந்தேன்?"

"எனக்கு எங்கடா சொன்னே? எழுத்துக்குத்தானே சொன்னே." அவள் சான்றிதழை மடித்துக் கைப்பைக்குள் போட்டாள். "எனக்கு ஆறு வயசுல உன்னை என் முதுகுல துணி போட்டுக் கட்டிவிட்டாங்க. உனக்குக் கக்குவான் இருமல் வந்த அந்தக் குளிர்காலம் பூரா உன்னை இறக்கவே இல்ல. உன்னைச் சுமந்துக்கிட்டு வகுப்பு ஜன்னலுக்கு வெளிய நின்னுதான் நான் எழுத்துக் கத்துக்கிட்டேன். அதை ஒரு நாள் கேட்டிருக்கியா நீ?"

மான்ஹோவின் கண்ணீர் காது வழியாகத் தலையணையில் இறங்கியது. அழுதால் நெஞ்சுத் தையல் இழுத்தது, இழுத்தபோதும் அழுதான்.

"அக்கா, அந்தக் குளிர்காலத்தைப் பத்திச் சொல்லு" என்றான்.

மல்சுக் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.