லிண்டல் மட்டம்

அப்பாவின் நெஞ்சைச் சுற்றித் துண்டைப் போட்டு நாற்காலியோடு இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள் கலைமதி. அவர்கள் வகையறாவில் இறந்தவரை உட்காரவைத்துத்தான் மாலை போடுவார்கள். நாற்காலி புது வீட்டுக்குள் இருந்தது. நான்கு சுவர் உண்டு, கூரை இல்லை. சொந்தக்காரர்கள் இன்னும் மருங்காபுரி பஸ்ஸில் வந்து இறங்கவில்லை.

வெளியே பைக் நின்றது.

"செல்லக்கண்ணு ஐயா இருக்காருங்களா? லிண்டல் போட்டோ எடுக்கணும்" என்றபடி உள்ளே வந்த ஓவர்சியர் சரவணன் அப்படியே நின்றுவிட்டார். "எப்பங்க?"

"விடியக்காலம். நாலு மாசமா உங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு."

அரசு வீட்டின் ஏற்பாடு இதுதான். பழைய குடிசையைப் பிரித்தால்தான் அதே இடத்தில் அஸ்திவாரம் போடலாம். சுவர், வாசல்நிலைக்கு மேலே லிண்டல் மட்டம் வரை எழும்பியதும், பயனாளியை அதன்முன் நிறுத்தி ஓவர்சியர் தன் செல்போனில் படம் எடுக்க வேண்டும். முகம் பொருந்தினால்தான் கூரைக்குக் கம்பியும் சிமெண்டும் கிடங்கிலிருந்து கிளம்பும், அதுவும் அங்கே கம்பி இருந்தால். பதினாலு ஊருக்கு ஒரே ஓவர்சியர். அவர் வரும்வரை தார்ப்பாய்தான் வீடு. செல்லக்கண்ணு அந்தப் படத்துக்காகத் திங்கட்கிழமைதோறும் சவரம் செய்துகொண்டு காத்திருந்தார்.

"பேர அம்மாவுக்கு மாத்திக் குடுங்க சார்."

"இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அப்புறம் கிராம சபைத் தீர்மானம் வேணும்மா."

"கிராம சபை எப்ப?"

"போன வாரந்தான் முடிஞ்சுது."

நாற்காலியின் காலடியில் அழுதுகொண்டிருந்த அம்மா மயிலம்மாள் நிமிர்ந்தாள். "எதுக்கு சார் அதெல்லாம்? மனுசன் உக்காந்துதான இருக்காரு. எடுங்க."

"அம்மா!"

"நீ சும்மா இருடி. கூரை வேணுமா, வேணாமா?"

சரவணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனை உயர்த்தினார். தன்னை அறியாமல் கலைமதி இரண்டு விரலால் அப்பாவின் மோவாயைத் தூக்கிப் பிடித்தாள். திரையில் முகத்தைச் சுற்றிப் பச்சை வட்டம் விழுந்தது. அடியில் எழுத்து வந்தது: கண்ணைச் சிமிட்டவும்.

காத்திருந்தார்கள். மறுபடியும் அதே எழுத்து.

"உங்க போன்கிட்ட சொல்லுங்க சார்," என்றாள் கலைமதி. "நாலு மாசமா சிமிட்டிக்கிட்டேதான் இருந்தாரு."

சரவணன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கைகட்டி நின்றார்.

சற்று நேரத்தில் தூறல் விழுந்தது. கலைமதி குடையை விரித்து, வீட்டுக்குள், அப்பாவின் தலைக்கு மேல் பிடித்தாள். ஒரு கை வலித்ததும் மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.