எழும்பி வராத பள்ளம்

1

இந்தக் கதை ஒரு கட்டைவிரலிலிருந்து வந்தது. போன செப்டம்பரில், அணையைத் திறந்துவிட்ட ஒரு காலையில், நாங்கள் கயாக் படகுகளை இறக்கும் கரையில், பூங்கா ரேஞ்சர் ஒருத்தி பழைய லைஃப் ஜாக்கெட் ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். பள்ளம் விழுந்தது. எழும்பி வரவில்லை. நான் பார்த்தது அவ்வளவுதான். மீதி இட்டுக்கட்டியது.

2

மேற்கு வர்ஜீனியாவின் மலைகளுக்கிடையே கோபம் கொண்ட ஓர் ஆறு

(வேண்டாம். ஆற்றுக்குக் கோபமெல்லாம் கிடையாது. மறுபடி.)

ரேஞ்சரின் பெயர் ட்வைலா. சீருடைக்கு முன்பு இதே ஆற்றில் துடுப்புப் போட்டவள். எதிரே நிற்கும் டார்சி அந்தக் காலத்துக் கூட்டாளி. அவன் போட்டிருந்தது வசந்தத்தில் புற்றுநோயில் இறந்த அவன் அண்ணன் க்ளீட்டஸின் ஜாக்கெட். இங்கே அது வழக்கம். இறந்தவரின் ஜாக்கெட்டை வேண்டியவர் ஒருவர் போட்டுக்கொண்டு, கடைசியாக ஒருமுறை ஆற்றோடு போக வேண்டும்.

"உள்ள இருக்கிற ஃபோம் செத்துப்போச்சு டார்சி. இது உன்னத் தண்ணியில தூக்காது."

"யூனிஃபார்ம் போட்டதும் ஆளே மாறிட்ட."

"போன வருஷம் நீ கவுந்துட்டு ஷூல பீர் குடிச்சத நான்தானே பாத்தேன்."*

பின்னால் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

"சரி, யார்கிட்டயாவது நல்ல ஜாக்கெட் ஒண்ணு வாங்கி படகுக்குள்ள வச்சுக்கறேன். போதுமா?"

"அதெல்லாம் ஏரிக்கு. இங்க உடம்புல இருக்கணும். இல்லேன்னா உன்ன இறங்கவிடாம நிறுத்துவேன். அந்த அதிகாரம் எனக்கு இருக்கு."

"அண்ணனுக்கு என்ன பதில் சொல்ல?"

*இங்கே படகு கவிழ்ந்து நீந்திக் கரையேறியவர் தன் ஈரக் காலணியில் பீர் ஊற்றிக் குடிக்க வேண்டும். நானும் குடித்திருக்கிறேன். அந்த நாற்றத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கதை வேறு பக்கம் போய்விடும்.

3

இந்த இடத்தில் ட்வைலா எனக்குப் பிடிபடவில்லை. முதல் வரைவில் அவளை அழவைத்தேன். பொய்யாக இருந்தது. ஆகவே முடிவுகளை மாற்றிப் பார்த்தேன்.

டார்சி வீடு திரும்புகிறான். ஜாக்கெட் நனையாமலே காரில் கிடக்கிறது. (சட்டப்படி சரி. ஆனால் இதை எழுதியவனை எனக்குப் பிடிக்கவில்லை.)

ட்வைலா பார்க்காததுபோல் திரும்பிக்கொள்கிறாள். ஆற்றின் இரண்டாவது நீர்ச்சரிவில் அவன் கவிழ்ந்து, வெகு நேரம்

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

புது ஜாக்கெட்டின் மேல் பழையதையும் மாட்டிக்கொள்கிறான். ட்வைலா விடமாட்டாள்: "மேல தொங்குறது பாறையில மாட்டினா உன்ன யாரு எடுக்கிறது?"

4

கடைசியில் அவளே ஒன்று செய்தாள்; நான் யோசித்து வைத்ததல்ல. வண்டியிலிருந்து தன்னுடைய ஜாக்கெட்டை எடுத்து வந்து நீட்டினாள்.

"இதப் போட்டுக்கோ. க்ளீட்டஸோடத எங்கிட்ட குடு. நான் போட்டுக்கிட்டு கரைப் பாதையில வரேன்."

"கரையிலயா? அண்ணன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். ஆத்தோடதான போகணும்? நானும் ஆத்தோடதான் வரேன்."

"சீக்கிரம் முடிங்கப்பா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "அணைய மூடிடுவாங்க, தண்ணி வத்திடும்."

டார்சியின் விரல்கள் அண்ணனின் ஜாக்கெட்டில், அழுத்தினால் கழலும் கொக்கியின் மேல் இருக்கின்றன. மூன்று வரைவாக அங்கேயேதான் இருக்கின்றன. ட்வைலா கையை நீட்டியபடி நிற்கிறாள். அவளால் அவனை நிறுத்த முடியும், கழற்றவைக்க முடியாது. என்னாலும் முடியவில்லை.

நீங்கள் வேண்டுமானால் அந்தக் கொக்கியை அழுத்திப் பாருங்கள்.